முகில் என்று தள்ளிவைத்த ஆறு புள்ளிகள்

சூடான பெரிய நட்சத்திரம் ஒன்று தன்னைத்தானே சுற்ற எவ்வளவு காலம் எடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் முதுகலை ஆய்வு. அதைத் தர்மபுரத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் செய்தேன். தொலைநோக்கி வேறொரு நாட்டில் இருக்கிறது. எனக்கு வருவது அளவுகள் மட்டும். நட்சத்திரம் சுற்றச் சுற்ற அதன் காந்தப்புலம் கூடியும் குறைந்தும் தெரியும். கூடிக் குறைந்து மறுபடி கூட எடுக்கும் காலம்தான் ஒரு சுற்று.

எனக்கு இருபத்தைந்து நாள் வந்தது. இந்த வகை நட்சத்திரங்கள் பெரும்பாலும் சில நாட்களுக்குள் சுற்றிவிடும். ஆனால் பலமான காந்தப்புலம், நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்றைப் பிடித்துவைத்து, சுழற்சிக்குப் பிரேக் போடும். என்னுடையது அப்படிப் பிரேக் விழுந்த நட்சத்திரம் என்று மூன்றாம் அத்தியாயம் முழுக்க எழுதினேன். சந்தோசம் பிடிபடவில்லை. திங்கட்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு மேற்படிப்புக்கான இடமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா வயலிலிருந்து வியர்த்து வந்தார். மழை குறைந்த சிறுபோகத்தில் முறை வைத்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். அந்தக் கிழமை எங்கள் முறை.

"இஞ்சேருங்கோ, மடையில தண்ணி பாதிகூட இல்லை. மேல் வயலுக்குத் திருப்பி விட்டிருக்கினம்."

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்குப் போய்ப் பாக்கிறன். ஒரு குறையுமில்லை. வெயிலுக்குள்ள உமக்குச் சரியாத் தெரிஞ்சிராது."

"ஆறு மணிக்கு நீங்கள் வாறது ஊருக்கே தெரியும். ஒரே நேரத்தில போனால் வேற என்னத்தைக் காணப்போறியள்?"

அப்பா கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அவருக்காகப் பரிந்து பேசப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. என் தொலைநோக்கியும் இரவுக்கிரவு ஒரே நேரத்தில்தான் பார்த்திருந்தது. ஒரு நாளைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துச் சுற்றும் நட்சத்திரம், அப்படிப் பார்த்தால் இரவுக்கிரவு கொஞ்சம் பின்தங்கி, மெல்லச் சுற்றுவதாகத்தான் தெரியும். இதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான்.

அதைவிட மோசம், ஆறு இரவுகளில் சில மணித்தியாலம் கழித்து இரண்டாம் முறையும் அளந்திருந்தார்கள். அந்த ஆறு புள்ளிகளும் இருபத்தைந்து நாள் கணக்கில் நான் வரைந்த கோட்டில் விழவில்லை. முகில் மறைத்ததால் வந்த பிழை என்று எழுதித் தள்ளிவைத்திருந்தேன். முகில் இருந்ததாக எங்கும் குறிப்பில்லை. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அந்த ஆறையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். இருபத்தைந்து நாள் அல்ல, இருபத்தைந்து மணித்தியாலம். எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தன. பிரேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தள்ளிவைத்ததை யாரும் கிண்டப்போவதில்லை. அதுவும் மனதில் வந்தது. வெட்கமாக இருந்தது.

பேராசிரியருக்கு எழுதினேன்: "சேர், மூன்றாம் அத்தியாயம் பிழை. திங்கட்கிழமை ஒப்படைக்க முடியாது. முகில் என்று நான் எழுதியது கவனக்குறைவு."

கடைசிச் சொல்லை அழித்தேன். பொய் என்று எழுதி அனுப்பினேன்.