ஒரு ஞாயிறும் தவறாதவர்

என் அப்பா எங்கள் ஊர்ச் சபையின் உபதேசியார். பாறசாலைக்குத் தெற்கே, பனையும் மரவள்ளியுமாகக் கிடந்த சிற்றூர் அது. திருவிதாங்கூரை மகாராஜா ஆண்ட காலம். எங்கள் சபையைக் கவனித்துவந்த வெள்ளைக்காரச் சாயிப்பு சீமைக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்த மனிதர் பதினெட்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை என்று அதில் இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரை நாலைந்து முறை வாசிக்கச் சொல்லி, அர்த்தத்தோடு மனப்பாடம் செய்துகொண்டார். நெய்யாற்றின்கரைத் தச்சர் ஒருவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தார்.

அது முன்னறைச் சுவரில் தொங்கியது. காலை ஜெபத்துக்கு முன்பு அப்பா மேல்துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் உட்கார முடியும். ஒருமுறை மாமா, அதாவது அப்பாவின் தங்கை புருஷன், கருப்பட்டி கொண்டுவந்தவர் அதன் முன்னால் நின்று, தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். எங்கள் சாமி அதுதான் என்று நினைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அப்பா இதைச் சொல்ல, சபையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாமா மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். மாமி வருவதில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த புதிதில், அப்பா தங்கள் குடும்பத்து அம்மன் கல்லைத் தோண்டியெடுத்துக் குளத்தில் எறிந்துவிட்டார். அவர் போனபிறகு மாமி குளத்தில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கல்லைக் கண்டெடுத்து, குளத்தூர்ப் பக்கம் இருந்த தன் புருஷன் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள். அன்றிலிருந்து அப்பா அவள் முற்றத்தை மிதிக்கவில்லை. எங்களையும் விடவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஆடி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா நனைந்து வந்து வாசலில் நின்றார். அப்பா வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மச்சான், அவளுக்கு இனி நேரம் இல்ல. அண்ணனைக் கூட்டியிட்டு வாங்கோ எண்ணுதான் சொல்லுதா.”

அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுவரைப் பார்த்தார்.

“இண்ணு ஞாயிறாக்கும். ஆராதனை முடிஞ்ச உடனே வாறேன்.”

அம்மா அடுக்களையிலிருந்து வந்து, சபை மூப்பர் யாராவது ஜெபத்தை நடத்தட்டுமே என்றாள். அப்பா ஆலயத்தைப் பார்த்து நடந்தார். மாமாவும் பின்னால் வந்து, ஆலயத்துக்கு வெளியே பலாமரத்தடியில் ஒதுங்கி நின்றார். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தெரிந்தார். பிரசங்கம் செய்த அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவர் எதையும் சுருக்கவில்லை. கடைசிப் பாட்டு பாடும்போது பார்த்தேன், மரத்தடியில் ஆள் இல்லை.

ஆராதனை முடிந்ததும் அப்பா ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வரப்பெல்லாம் தண்ணீர். குளத்தூர் திருப்பத்திலேயே அழுகைச் சத்தம் கேட்டது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். அம்மா முதுகைத் தொட்ட பிறகுதான் நடந்தார்.

மாமியை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அப்பாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. தலையை வாசல் பக்கம் திருப்பியபடி கிடந்தாள். அப்பா அவள் பக்கத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து முற்றத்துக்கு இறங்கினார். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் கடவம் என்கிற பெரிய ஓலைக்கூடை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது என்ன என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா சொல்லத் தயங்கினார். “கல்லு. நேற்று அவதான் மூடச் சொன்னா. அண்ணன் வந்து கண்டா அவருக்க மனசு நோவும், மூடி வையுங்கோ எண்ணா.”

அப்பா அந்தக் கடவத்தின் முன்னால் சேற்றில் அப்படியே முட்டுக்குத்தினார். நெற்றி ஓலையில் படும்வரை குனிந்தார். அப்போதுதான் அவரிடமிருந்து சத்தம் வந்தது. அப்படியொரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு எழுந்து, கடவத்தைத் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தார். மழை கல்லின்மேல் விழுந்தது. சாயங்காலம் பாடையின் ஒரு பக்கத்தை அவர்தான் தோளில் சுமந்தார்.

சபையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அப்பா ஆலயத்துக்கு வரவில்லை. மாமாவோடு இருக்கப் போய்விட்டார். புதிய சாயிப்பு கூப்பிட்டு விசாரித்தபோது, தங்கச்சி கூப்பிட்டும் நான் போகவில்லை என்பதை மட்டும் சொன்னாராம். உபதேசியார் வேலை போயிற்று. சட்டத்தை அவரே கழற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டார். அதன்பின் யார் வீட்டில் நோயாளி இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஜெபிப்பார். முன்பு அரைமணி நேரம் நீளும் அவருடைய ஜெபம் நாலு வார்த்தையில் முடிந்துவிடும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அப்பா கல்லுக்கு முன்னால் விழுந்தாராமே என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள். நானே கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? புது உபதேசியார் பிரசங்கம் செய்த முதல் ஞாயிறு, பெண்கள் பக்கத்தில் முழங்காலில் நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டு, என் அப்பாவைப் பழையபடி ஆக்கிவிடும் என்று கர்த்தரிடம் அழுதேன்.