உரல் அவனுக்கு, குழவி எனக்கு

எங்கள் வீட்டில் சொத்துப் பிரிக்க வக்கீல் தேவைப்படவில்லை. வீடு மகனுக்கு, உள்ளே இருக்கும் பாத்திரமும் நகையும் மகளுக்கு. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து, டாக்குரியாவில் ஒரு சின்ன வீடு கட்டினார். மீன் வாசனைக்குப் பழகினார், வங்காளத்தில் சண்டை போடப் பழகினார், இந்த வழக்கத்தை மட்டும் ஊரிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். தெரிந்த விஷயம்தானே, பெரிதாக வலிக்காது என்று நினைத்திருந்தேன்.

அப்பா முதலில் போனார். சில வருஷம் கழித்து அம்மாவும் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஊரிலிருந்து வந்திருந்த தாய்மாமா பாகம் பிரிக்க உட்கார்ந்தார். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, இட்லிக் கொப்பரை, குத்துவிளக்கு எல்லாம் என் பக்கம் வந்தன. கடைசியில் அடுக்களைக்குப் பின்னால் இருந்த ஆட்டுரலிடம் வந்ததும் மாமா நின்றுவிட்டார்.

அது அம்மாவுக்குச் சீராக ரயில் பார்சலில் வந்த உரல். அந்தக் கணக்கில் எனக்கு வர வேண்டியது. ஆனால் மாவாட்டும்போது உரல் நகருகிறது என்று அம்மா ஓயாமல் சொன்னதால், வீடு கட்டி மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து அப்பா அதைத் தரையோடு பதித்துவிட்டார். இனிமேல் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும் சீரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அம்மாவைக் கேலி செய்வார். அந்தக் கேலி வந்து என் தலையில் விடியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாமா உரலைச் சுற்றி வந்தார். குழவியை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“உரலு தரையோட இருக்கு, அது வீட்டோட சேர்த்தி. குழவி கையோட வரும்லா, அது ஒனக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வேண்டுமா அக்கா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் ரிஜிஸ்ட்ரி ஆபீசில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, குழவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள், எங்கள் மாஷிமா, வந்தாள். அவளுடைய பிறந்த வீட்டு வழக்கு, கோர்ட்டில் ஒரு தலைமுறையாக நடக்கிறது. என் மடியில் கிடந்த கல்லைப் பார்த்துவிட்டு, உங்களுக்கெல்லாம் சண்டை போடக்கூடத் தெரியவில்லையே என்று வங்காளத்தில் அங்கலாய்த்தாள். நான் சிரித்தேன். வண்டி பாலத்தைத் தாண்டியதும் அழுதேன்.

பெஹாலாவில் எங்கள் ஃப்ளாட்டில் மாவாட்ட கிரைண்டர் இருக்கிறது. அதனால் குழவிக்கு வேலை கிடையாது. பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை அண்டக் கொடுத்தோம். இந்த வீட்டில் அசையாத சொத்து அது ஒன்றுதான் என்று என் கணவர் சொல்வார். மகளோடு படிக்கும் வங்காளிப் பெண்கள் வந்தால், இது அரைக்கிற கல்தானே, அடிக்கல் எங்கே என்று கேட்பார்கள். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் என் மகள், “மாமார் பாடீதே” என்பாள். மாமா வீட்டில். இங்கே பிள்ளைகளுக்கு மாமா வீடு என்றால் செல்லமும் லீவும். அவள் சொல்லும்போது அந்த வார்த்தை இனிப்பாகத்தான் இருக்கும். நான்தான் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவேன். தம்பி பெங்களூரில் இருந்தான். டாக்குரியா வீடு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாவி இல்லாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவேன். அந்த வீட்டுக்காக நான் அவ்வளவு ஏங்கினேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

போன குளிர்காலத்தில் தம்பி கல்கத்தாவுக்கு வந்து போன் செய்தான். வீட்டை ப்ரோமோட்டரிடம் கொடுத்துவிட்டானாம். இடித்துவிட்டு மாடி கட்டுவார்கள், அவனுக்கு இரண்டு ஃப்ளாட் தருவார்கள். வந்து பார்க்கிறாயா அக்கா என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன். ஏன் என்று என் கணவர் கேட்கவில்லை. குழவியைச் சாக்குப் பையில் போட்டு டாக்சி வரைக்கும் தூக்கிவந்து வைத்தார்.

நான் போனபோது தம்பி ஒரு மிஸ்திரியோடு உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கொடுப்பதற்காக அதைப் பெயர்த்தெடுக்கப் பார்த்தானாம். சிமெண்ட் கல்லோடு இறுகிவிட்டது, உளி வைத்தால் கல்லே பிளந்துவிடும் என்று மிஸ்திரி கையை விரித்துவிட்டுப் போனார். அப்பா போட்ட பூச்சு அப்படி.

நான் உரலைக் கழுவிக் குழவியைப் பொருத்தினேன். உளுந்தைப் போட்டு ஆட்ட ஆரம்பித்தேன். தம்பி கையைக் கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டான். சின்ன வயதில் எங்கள் வேலைப் பிரிவினை அதுதான்; நான் ஆட்டுவேன், அவன் தள்ளுவான். விரல், விரல் என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

“நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேம்லாக்கா” என்றான்.

“தெரியும்டா. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

நுரைத்து வந்த மாவை அவன் குழிக்குள் தள்ளிவிட்டான். பிறகு கேட்டான்.

“இப்பம் கேக்கேன். ஒனக்கு வேணுமாக்கா? அந்த ரெண்டுல ஒண்ணு.”

வேண்டாம் என்ற சொல்லை இத்தனை வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“ஃப்ளாட் வேண்டாம்டா. எனக்கு இந்த வீடு வேணும்.”

அடுத்த வாரம் இருக்கப்போகாத வீடு அது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான்; இரண்டு கையிலும் மாவு. நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்துபோக வேண்டியிருக்கும்.

மாவை ஒரு தூக்குச்சட்டியில் வழித்துக்கொண்டேன். கிளம்பும்போது அவன் சாக்குப் பையை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் குழவியைக் கழுவி, உரல் குழிக்குள்ளேயே நிறுத்தினேன். அதுவும் வீட்டோடு சேர்த்திதான் என்று அவனிடம் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியோடு மட்டும் பெஹாலாவுக்குத் திரும்பினேன்.