நாற்காலியை மட்டும் பார்த்த லென்ஸ்

எலும்பண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுங்க... பிடிங்க... விடலாம்" என்று ஊரில் பாதிப் பேரின் மூச்சை நிறுத்தி வைத்த மனிதர். ஒருமுறை "விடலாம்" சொல்ல மறந்து டீ குடிக்கப் போய்விட்டார், அந்த ஆள் இன்னும் மெஷின் முன்னால் வீங்கிப்போய் நிற்கிறான் என்று வார்டு பையன்கள் கதை கட்டியிருந்தார்கள்.

கதையில் பாதி பொய். ஆனால் தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் அவருக்கு முகம் ஞாபகம் வராது என்பது நிஜம். "இடது தோள்பட்டை, இறங்கினது" என்று உள்ளுக்குள் ஓடும். அதனால்தானோ என்னவோ, லீவு நாளில் முகமாகத் தேடித் தேடிப் படம் எடுப்பார்.

அவர் கேமரா பழைய ரேஞ்ச்ஃபைண்டர். அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேல் மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் கண்ணை வைத்தால், நடுவில் ஒரு சதுரத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார்: ஒருவர் அசல், அவரை ஒட்டி ஆவி மாதிரி வெளிறிப்போய் இன்னொருவர். லென்ஸைத் திருகத் திருக ஆவி நகர்ந்து வந்து ஆளுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும். படம் கத்தி மாதிரி வரும். முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். அண்ணன் பயப்படுகிற ஆள் இல்லை, அப்போது.

அவரிடம் இல்லாதது முகம் எடுப்பதற்கென்றே செய்த அந்தத் தொண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ்தான். சாதாரண லென்ஸில் கிட்டே போனால் மூக்கு மட்டும் முன்னால் ஓடிவரும், தள்ளி நின்றால் வீட்டுச் சாமான் எல்லாம் வரிசை கட்டி வந்துவிடும். தொண்ணூறு அப்படி இல்லை. தள்ளி நின்றபடியே முகத்தை மட்டும் மரியாதையாக எடுத்துக் கொடுக்கும். நல்லது கிடைப்பது அபூர்வம். வருஷக்கணக்கில் கடைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்துவிட்டு வருவதோடு அவர் ஆசை நின்றிருந்தது.

அந்த ஆசைக்கு அவசரம் வந்தது அண்ணியால்.

அண்ணி பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்பவர். வீட்டிலும் அதே குரல்தான். "பயணிகளின் கவனத்துக்கு, சாப்பாடு இரண்டாவது நடைமேடைக்கு வந்துவிட்டது" என்றால் அண்ணன் கை கழுவ வேண்டும். கேமராவைத் தூக்கினால் மட்டும் கையால் முகத்தை மூடிக்கொள்வார். கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணன் சேர்த்து வைத்திருப்பது அண்ணியின் உள்ளங்கைகள்தான்.

கீழ்த்தாடையில் ஒரு வீக்கம். பல் வலி என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரே எக்ஸ்ரே எடுத்தார். "மூச்சைப் பிடி" என்று சொல்லத் தேவையே இல்லாத எக்ஸ்ரே அது. இருந்தாலும் வழக்கத்தில் சொல்லிவிட்டார், அண்ணியும் பிடித்துக்கொண்டார். திரையில் தாடை எலும்பின் ஓரத்தில் பூச்சி அரித்த மாதிரி ஒரு கருப்பு. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அண்ணன் பார்த்துவிட்டார். ஒழுங்காக ஒரு போட்டோ எடுப்பதற்கு முன்னால், மனைவியின் முகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்ட மனிதர்.

எலும்பில் ஒரு பக்கத்தை எடுக்க வேண்டும், முகம் மாறும் என்றார்கள். அன்று சாயங்காலம் அண்ணி முதல்முறையாகத் தானே கேட்டார்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுங்க. நல்லா. நானே பார்த்து நானே கண்ணு வைக்கிற மாதிரி."

பக்கத்தில் இருந்த அண்ணியின் தம்பி போனை நீட்டினான். "அக்கா, இதுல எடுத்தா ஒரு செகண்ட் வேலை."

"உன் போன் என் மச்சத்தை அழிச்சிட்டுச் சிவப்பா உதட்டுச் சாயம் பூசுதுடா. அது நான் இல்ல, என் சித்தி பொண்ணு."

அண்ணன் மறுநாளே பைக்கை விற்றார்.

தொண்ணூறு ஒன்று விலைக்கு வருகிறது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிய வீடு ஒரு பழைய மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு வயதாகியிருந்தது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவராம், போய்ச் சேர்ந்துவிட்டாராம். சுவரெல்லாம் கண் பரிசோதிக்கும் அட்டைகள், மேலே பெரிய எழுத்து, கீழே எறும்பு எழுத்து. அறையின் நடுவில் ஒரு ஸ்டூல். அதற்குப் பின்னால் மெத்தை வைத்த ஒரு நாற்காலி. அண்ணன் அதில் உட்காரப் போனார்.

"அதுல வேணாம் தம்பி. ஸ்டூல்ல உக்காருங்க."

லென்ஸ் ஒரு துணிப்பைக்குள் இருந்தது. கனமாக, குளிர்ச்சியாக, கீறல் ஒன்றும் இல்லாமல். "ஏம்மா விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அது என்னையே பார்த்துட்டு இருக்கு தம்பி. திருப்பி வச்சாலும் காலைல இந்தப் பக்கம்தான் பார்க்குது."

அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அவரோட கேமரா?"

"அதைத் தர மாட்டேன். உள்ள அவர் எடுத்த ஃபிலிம் இருக்கு, இன்னும் ரெண்டு மூணு படம்தான் பாக்கி. இந்த லென்ஸ் வேற கேமராவுக்குப் போகாதுன்னு சொல்லிட்டே இருப்பார். ஆம்பளைங்க எல்லாத்துக்கும் அப்படித்தானே சொல்லுவீங்க."

கிளம்புவதற்கு முன்னால் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். ஆவி வந்து ஆளுக்குள் அழகாகப் புகுந்தது. வீட்டுக்கு வந்து அண்ணியையும் வாசல் பக்கம் உட்காரவைத்து எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பழைய டார்க் ரூம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே கம்ப்யூட்டருக்கு மாறியபிறகு அங்கே துடைப்பமும் அண்ணனும்தான் போவார்கள். ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டார். தட்டில் தண்ணீருக்கு அடியிலிருந்து படம் மெல்ல எழுந்து வந்தது.

அம்மாவுக்கு முகம் இல்லை.

இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டித் துடைத்த மாதிரி ஒரு வெள்ளை மங்கல். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலி, நூல் நூலாக, ஆணி ஆணியாக, அத்தனை கூர்மை. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். இப்போதுதான் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது போல. எழுந்து போனவர்களின் பள்ளம் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். இது வரவில்லை.

அடுத்தது அண்ணியின் படம். அண்ணியும் மங்கல். கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் திறந்திருந்த வாசல் மட்டும் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கம் இருட்டு. வாசற்படியின் மரத்தில் ஒரு நகக்கீறல் கூடத் தெரிந்தது.

அண்ணன் துடைப்பத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஆயிரம் மண்டை ஓடு பார்த்தவர். அவர் ஓடி வந்ததை வார்டு பையன்கள் பார்த்திருந்தால் இன்னொரு கதை கிடைத்திருக்கும்.

மறுபடி எடுத்தார். சுவர் முன்னால் எடுத்தால் சுவரில் விழுந்த நிழல் கூர்மை, அண்ணி இல்லை. ஜன்னல் முன்னால் எடுத்தால் கம்பி கூர்மை, அண்ணி இல்லை. ஜன்னலை நம்பாமல், லென்ஸைக் குத்துமதிப்பாகக் கொஞ்சம் கூடத் திருகி எடுத்ததில் ஒரு காது வந்தது.

"காதுக்கு மட்டும் நன்றி," என்றார் அண்ணி. பிறகு பிரிண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். "ஏங்க... என்னைத்தானே எடுக்கிறீங்க? எனக்குப் பின்னாடி யாரை எடுத்துட்டு இருக்கீங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுத் திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை.

அண்ணனுக்குத் தூக்கம் போனது. டாக்டர் எடுக்கப்போவது தாடையில் ஒரு துண்டு. இந்தக் கண்ணாடி முழு முகத்தையும் முன்கூட்டியே எடுத்துவிட்டதோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. லென்ஸைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைத்தார். அது கதவுக்குள்ளிருந்து பார்ப்பது போலவே இருந்தது. கடைசியில், பயம் முற்றிப்போய்க் கோபமாகி, லென்ஸைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

கேமராவுக்குள் இருக்கிற சின்னக் கை ஒன்றைத் தள்ளுகிற பித்தளை வளையம் ஒன்று அங்கே இருக்கும். தூரம் எவ்வளவு என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். அந்த வளையத்தை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். பொறுமையாக, வழவழவென்று, கண்ணாடி தேய்த்துப் பழகிய கையால்.

அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்காரரின் கேமரா தூரத்தைத் தப்பாகக் காட்டுகிற கேமரா. மனுஷன் கேமராவைச் சரிசெய்யாமல், அதன் தப்புக்கு ஏற்ற மாதிரி லென்ஸைத் தேய்த்துவிட்டார். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரனும் நாமும் ஒரே தப்பை எழுதி வாத்தியாரையே குழப்புகிற மாதிரி, இரண்டும் சேர்ந்தால் சரி. தனியாகப் போனால் இரண்டும் ஃபெயில்; அண்ணனின் கேமராவில் கூர்மை முகத்தைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. வேறு கேமராவுக்குப் போகாது என்று அவர் சொன்னது பொறாமையில் இல்லை.

வளையத்தை மாற்ற ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தால் மாசக்கணக்கு ஆகும். ஆபரேஷன் அந்த வாரக் கடைசி. அண்ணியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அந்த மாடி வீட்டுக்குப் போனார். பைக்தான் இல்லையே.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அண்ணியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேமராவை வெளிய விட மாட்டேன். இங்கயே வச்சு எடுங்க. உள்ள இருக்கிற ஃபிலிம்லயே எடுங்க."

"அப்புறம் அதைக் கழுவணுமேம்மா."

"கழுவுங்க."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னால் நாற்காலி. "யாராவது அதுல உக்காருவாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவருக்கு அப்புறம் யாரும் இல்லம்மா."

அண்ணி திரும்பிப் பார்த்தார். பள்ளம் அப்படியே இருந்தது. அண்ணியின் தோள் விறைத்தது. அண்ணன் லென்ஸைக் கேமராவில் வைத்துத் திருகினார். பூட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி ஒரு 'க்ளிக்'. அந்தச் சத்தத்துக்கு அம்மா சட்டென்று நிமிர்ந்தார், வெளியே போனவர் வந்துவிட்ட மாதிரி.

ஜன்னலுக்குள் இரண்டு அண்ணிகள். ஒன்று பயந்த அண்ணி, பக்கத்தில் வெளிறிய அண்ணி. மெல்லத் திருகினார். வெளிறியது நகர்ந்தது, நகர்ந்தது, உள்ளே புகுந்தது. அழுத்தினார். இன்னொன்று அழுத்தினார்.

"பயணிகளின் கவனத்துக்கு," என்றது மைக் குரல், கொஞ்சம் குழறலாக. "லென்ஸ் மூடி இன்னும் நிலையத்தை விட்டுக் கிளம்பவில்லை."

அண்ணன் பார்த்தார். லென்ஸின் முன்னால் கருப்பு மூடி கச்சிதமாக மூடியிருந்தது. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் இந்தக் கேமராக்காரர்கள் எல்லோருக்கும் நேர்கிற மானக்கேடு இது. எடுப்பவருக்குத் தெரியாது, எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் முழித்த முழியைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். கை முகத்துக்குப் போகவில்லை. அண்ணன் மூடியைப் பிடுங்கினார், ஆவியை உள்ளே தள்ளினார், அழுத்தினார். ஃபிலிமும் அதோடு தீர்ந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரும் கடைசில இப்படித்தான் தம்பி. தினம் என்னை உக்கார வச்சு எடுப்பார். மூடியோட. அவருக்கு எல்லாமே மறக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சொன்னா முகம் வாடிப் போயிடும்னு நான் சொல்லவே இல்ல. நல்லா உக்காந்து சிரிப்பேன். அதுல ஒண்ணும் இருக்காது. அதான் கழுவாம வச்சிருந்தேன்."

அன்றைக்கே அண்ணன் டார்க் ரூமுக்குள் போனார். கழுவிய ஃபிலிமை எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் ஒட்டினார். வெறும் கண்ணாடி மாதிரி ஒரு கட்டம், அடுத்தது, அடுத்தது. அம்மா சொன்னது சரி. ஒரு மனிதர் தினமும் இருட்டைப் படம் எடுத்திருக்கிறார். ஒரு மனைவி தினமும் இருட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

கடைசியில் அண்ணி இருந்த கட்டத்தைத் தவிர, நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் உருவம் இருந்தது. அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், நிழல் வெள்ளையாக, முகம் கருப்பாக. அந்த அம்மாதான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். இமை முடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரிக் கூர்மை. அவர் மடியில், இரண்டு கைகளுக்கு நடுவே, யாரோ பத்திரமாக வைத்த மாதிரி லென்ஸின் மூடி.

அந்த ஆளுக்கு மூடி ஞாபகம் இருந்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் தெரிந்தேதான் எடுத்தாரா, அன்று ஒரு நாள் மட்டும் தெளிந்ததா? கேட்க ஆள் இல்லை. பிரிண்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்து, "திருடன்," என்றார். நிஜமாகவே அங்கே ஆள் இருப்பது போல, கோபமும் கொஞ்சலுமாக.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று, அண்ணன் அந்த ஃபிலிமின் கடைசிப் படத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். அண்ணியால் இன்னும் பேச முடியாது. ஒரு பக்கம் ஒடுங்கிய முகத்தோடு படத்தை வாங்கிப் பார்த்தார். மச்சம் இருந்தது. வீக்கமும் இருந்தது. வாய் கோணச் சிரிப்பும், கண்ணில் தண்ணீரும், நெற்றியில் விழுந்த ஒற்றை முடியும் இருந்தன. படத்தின் மீது தன் உள்ளங்கையை வைத்தார். மூடினார். பிறகு எடுத்துவிட்டார்.

அவருக்குப் பின்னால், படத்தில், நாற்காலி இப்போது வெறும் மங்கல். பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அண்ணன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கியா?" என்று கேட்டார்.

அண்ணி தலையாட்டினார்.

"விடலாம்," என்றார் எலும்பண்ணன்.