துரையின் கூண்டும் அத்தையின் செவலையும்

கூண்டுக்குள் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. தன்னை எதற்காகக் கட்டியிருக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அது பலாத்தழையை மென்றுகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு சிறுத்தையைப் பிடிக்கத் தோட்ட மேலாளரான துரை வைத்த கூண்டு அது. தோட்டத்தில் நாங்கள் அதைப் புலி என்றுதான் சொல்வோம்.

அந்தப் புலி முதலில் அடித்தது என் அத்தையின் பசுவை. அத்தை அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே மாமாவை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. செவலை என்ற அந்தப் பசுதான் அவருக்கு எல்லாம். நானும் அவரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தோம். அன்று விடியற்காலையில் பட்டிக்குப் போனபோது செவலை கழுத்து கிழிந்து கிடந்தது. ஓரமாக அதன் கன்று நடுங்கிக்கொண்டு நின்றது. அத்தை அழவில்லை. நேராகப் பங்களாவுக்குப் போய், புலியைச் சுடச் சொல்லுங்கள் என்று கேட்டார். துரை தன் இரண்டு நாய்களுக்கும் பிஸ்கட் போட்டுக்கொண்டே, காட்டு விலங்கைத் தொடச் சட்டத்தில் இடமில்லை, மாட்டை ஒழுங்காகக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தை கன்றைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் காம்பராவுக்குள் கொண்டுவந்து கட்டினார். ஒற்றை அறையில் அடுப்பு, பாய், கன்று, சாணி எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

அடுத்த மாதம் புலி துரையின் நாய்களில் ஒன்றைத் தூக்கியது. மறுநாளே சட்டத்தைக் காணோம். தொழிற்சாலையில் இரும்பை ஒட்டிக் கூண்டு செய்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சிலரைப் புலி தேட அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். "புலி மாட்டிக்கிட்டா செவலைக்கும் கணக்குத் தீந்துரும்ல அத்தை" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

"அவரு நாய்க்காகச் செத்தா அது செவலைக்காகச் செத்ததா ஆகிருமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். இன்னும் ஒரு நாய் இருக்குல்ல, புலி அதுக்கும் வரட்டும்."

அன்று மாலை கொழுந்து நிறுவை முடிந்ததும் பனிமூட்டம் இறங்கியது. அத்தை கூப்பிட்டதும் நானும் அவர் பின்னால் கூண்டுக்குப் போனேன். கூண்டுக்குக் காவல் இருந்தவர் கசிப்பு குடித்துவிட்டு மரத்தடியில் கிடந்தார். கூண்டின் கதவை நான் தோளில் தாங்கிப் பிடித்தேன். அத்தை உள்ளே தவழ்ந்து போய்க் குட்டியை அவிழ்த்தார். கதவு நல்ல கனம். அவர் வெளியே வந்ததும் கதவை விழவிட்டோம். குட்டி கொழுந்துக் கூடைக்குள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் கீழ் லயத்துக்கு வந்து, அன்றைக்கே குழம்பானது. விடிந்ததும் காவல்காரர், கதவு விழுவதற்குள் புலி ஆட்டோடு நெளிந்து போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்திருந்தோம்.

அந்த வாரமே இரண்டாவது நாயும் போயிற்று. கழுத்துப்பட்டி மட்டும் தேயிலைக்குள் கிடைத்தது. துரை பெரட்டுக்கு வரவில்லை. பங்களாப் படியில் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அத்தையோ கூடையை இறக்கி வைத்துவிட்டு, கங்காணி அதட்டும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். புலி என்னவானது என்று யாருக்கும் தெரியாது. இப்போது நான் ஹட்டனில் இருக்கிறேன், அத்தையும் என்னோடுதான். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டு நாய் குரைத்தபோது, அந்த நாய்கள் என்ன பாவம் செய்தன என்று அவரிடம் கேட்டேன்.

"நாய்ங்க பாவந்தான், வாயில்லா ஜீவன்" என்றார். "ஆனா அவரு அப்புடிப் படியில உக்காந்திருந்தாரு பாரு, செவலை போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன்."