வாஸ்லின் பூசிய கண்ணாடி

கடை வாசலில் நின்று, டிரைவர் அண்ணன் சட்டைப்பையிலிருந்து வாஸ்லின் டப்பாவை எடுக்கிறார். விரல் நுனியில் தொட்டு, தம் பழைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும் வட்டமாகப் பூசி, மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். சமையலறை மேடைக்குக் கல் பார்க்க இந்தக் கோலத்தில் போகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இது ஐந்தாவது கடை. கார் என்னுடையது, வீணாய்ப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளும் என்னுடையவை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குக் கீழ்வீட்டுக்காரன் நான் டிரைவர். என் தலையெழுத்து.

தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் அவர் வீட்டு எவர்சில்வர் டம்ளர், வெள்ளைத் தட்டு, காய் நறுக்கும் கத்தி. கடைக்காரர் காட்டும் ஒவ்வொரு கல்லின் மேலும் மூன்றையும் வைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். வெள்ளைக் கல்லில் தட்டு காணாமல் போகும். சாம்பல் கல்லில் கத்தி காணாமல் போகும். பளபளக்கும் கறுப்பில் மேலே எரிகிற லைட்டுதான் தெரியும். "ஊஹூம். இது பாத்திரத்தையே முழுங்குற கல்லு. அடுத்ததக் காட்டுங்க." சுவர் டைல்ஸ், அலமாரிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதே பரீட்சை. ஒரு கடையில் விற்பனைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். "சிரிக்கட்டும். அவங்களா நின்னு சமைக்கப் போறாங்க?" என்றார் என்னிடம்.

சமைக்கப் போவது அண்ணி. அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஆபரேஷனில் சரியாகிற ரகம் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அண்ணியோ, "பவர் மாத்தணும், அவ்வளவுதான்" என்று பேச்சை முடித்துவிடுவார். போன மாதம் விரலை வெட்டிக்கொண்டதும், சமையலுக்கு ஆள் வைக்கச் சொல்லி மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இன்னொருத்தி வந்து என் அடுப்புல நிப்பாளா? அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்ல?" என்று அண்ணி கேட்டார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது அண்ணனுக்கு இந்த வாஸ்லின் பைத்தியம். காரணத்தை மட்டும் மனைவியிடம் மூச்சு விடவில்லை. மேடை பழசாகிவிட்டதாம், மாற்றுகிறாராம்.

கடைசியில் பளபளப்பில்லாத கறுப்புக் கல் ஒன்று அகப்பட்டது. மேடை எங்கே முடிகிறது என்று தெரிய, ஓரத்தில் வெள்ளைப் பட்டை. மறு ஞாயிறு அண்ணியும் கூட வந்தார். வம்புதான் என்று எனக்கு அப்போதே தெரியும். அண்ணன் அந்தக் கண்ணாடியை வெளியே எடுக்கவேயில்லை.

அண்ணி கறுப்பைத் தடவி முகம் சுளித்தார். "ஒரே இருட்டா இருக்கு. அந்தச் சாம்பல் கலர்தான் வேணும். நாப்பது வருஷமா அங்க நிக்கிறது நானா, நீங்களா?"

கடைக்காரர், பாவம், விஷயம் தெரியாதவர். எவர்சில்வர் டம்ளரில் டீயைக் கொண்டுவந்து அந்தச் சாம்பல் கல்லின் மேலேயே வைத்து, "குடிங்கம்மா" என்றார். அண்ணி கை நீட்டினார். டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி, விரல்கள் வெறும் கல்லைத் தொட்டன. கொஞ்சம் நகர்ந்தன. மறுபடியும் கல்.

"இந்தா, ஒண்ணு சொல்லணும்," என்றார் அண்ணன் அவசரமாக. "எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல. நீ பயப்படுவேன்னு சொல்லல. சாம்பல் போட்டா நான் தட்டித் தடுமாறணும். எனக்காகக் கறுப்பு எடுத்துக்கோயேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

அண்ணி கல்லின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. குரல் வந்த பக்கமே சிறிது நேரம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். பிறகு கடைக்காரரிடம், "அவருக்குக் கண்ணு தெரியலையாம். கறுப்பே போட்டுருங்க" என்றார்.

வெளியே வந்தோம். படியருகில் அண்ணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க. மூணு படி இருக்கு."

அண்ணன் காலை முன்னே நீட்டி, முதல் படி எங்கே என்று துழாவினார்.