மண்ணைத் துளைத்தவர் கேட்ட கேள்வி

வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையின் வாசலில் காவலுக்கு இருக்கும் ராஜவேலு, ஒரு காலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவதில் பேர்போனவர். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் கொட்டகைகள், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கொல்லைகள், கோயில் நந்தவனம் என்று எங்கே தண்ணீர் வேண்டுமென்றாலும், துளை போடும் இயந்திரம் பூட்டிய லாரியின் உரிமையாளர் குமாரசாமி அவரைத்தான் கூப்பிடுவார். துளையிலிருந்து பீறிடும் தூளை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்து, இன்னும் இறக்கலாமா நிறுத்தலாமா என்று சொல்வது அவர் வேலை. பாதி நேரம் சரியாக இருக்கும், பாதி நேரம் தப்பும்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவர் அந்த இயந்திரத்தின் பக்கமே போகவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறையில் இருந்த அவர் மகன் கமல் நண்பர்களோடு மாமல்லபுரம் போயிருந்தான். ஒரே பிள்ளை. மறுநாள் உடல்தான் வந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது ராஜவேலுவின் காதில் விழுந்தது.

"பூமாதேவி நெஞ்சைக் குத்திக் குத்திப் பொழைச்சான். அவ சும்மா இருப்பாளா? ஒரே அடியில வாங்கிக்கினா."

சொன்னவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். ராஜவேலுவுக்கு அது உள்ளே இறங்கித் தங்கிவிட்டது. குமாரசாமி இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார். உடம்பு முடியவில்லை என்று சொல்லி ஆலை வேலைக்குப் போய்விட்டார். மனைவி செல்லியம்மாளிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் அதே குமாரசாமி ஒரு பெண்ணை ஆலைக்கு அழைத்து வந்தார். அவள் பெயர் அகிலா. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் கந்தனின் மகள். நிலவியல் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பூமிக்குள் நடக்கும் அதிர்வைப் பதிவு செய்கிற கருவிகளைக் காஞ்சிபுரத்திலிருந்து கிழக்கே வரிசையாகப் புதைக்கப் போவதாகச் சொன்னாள். கிணறு போட்டபோது எந்த ஊரில் பாறை சீக்கிரம் வந்தது, எங்கே வரவே இல்லை என்று காட்ட ஓர் ஆள் வேண்டும்.

"நான் அந்த வேலையை விட்டுட்டேன் மேடம்" என்றார் ராஜவேலு.

"தோண்ட வேணாம் அண்ணா. எடத்தைக் காட்டினாப் போதும்."

வெறுமனே இடத்தைக் காட்டுவதில் என்ன பாவம் என்று நினைத்துப் போனார்.

சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு பள்ளத்தில் அகிலா களிக்கல் ஒன்றை எடுத்துச் சுத்தியால் தட்டினாள். அது ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளே ஓர் இலையின் அச்சு, நரம்புகூடக் கலையாமல் இருந்தது. ராஜவேலு அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"காஞ்சிபுரத்தாண்ட கொஞ்சம் எறங்கினதுமே கருங்கல்லு வந்துடும். இங்க எவ்ளோ எறக்கினாலும் களிமண்ணுதான். ஏம்மா இப்படி?"

"இங்க தரை ஒரு காலத்துல கிழிஞ்சிருக்குது அண்ணா. நம்ம நாடும் தெக்க பனி மூடிக் கெடக்குற அண்டார்டிகாவும் அப்ப ஒட்டிக்கினு இருந்துச்சு. ரெண்டும் பிரிய ஆரம்பிச்சப்ப பல எடத்துல வெடிப்பு விட்டுது. இங்க விட்டது பாதியில நின்னுபோச்சு. அந்தப் பள்ளத்தை ஆறுங்க மண்ணு கொண்டாந்து ரொப்பிடுச்சு. கெழக்கால விட்டது அகலமாகிக்கினே போயி கடலாயிடுச்சு. பதிமூணு கோடி வருஷம் இருக்கும். அப்ப மனுஷனே கெடையாது."

"நின்னுபோனதை இப்ப பாத்து இன்னா ஆவப்போவுது?"

"பூமியோட மேல்தோடு பெரிய பெரிய தட்டுங்களா இருக்குது. நம்ம தட்டோட கடல்தரை அந்தமான், சுமத்ரா பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில சொருவிக்கினு போவுது. பிரிஞ்ச காலத்துல விழுந்த வெட்டும் மேடும் அந்தத் தரையில இன்னமும் இருக்குது. ரெண்டு தட்டும் சேர்ற எல்லை எங்க வளையும், எங்க மாட்டிக்கினு நிக்கும், கிழிஞ்சா எதுவரைக்கும் கிழியும்னு அந்தப் பழைய தழும்புங்களும் சேந்துதான் முடிவு பண்ணுதுன்னு நெனைக்கிறோம். தழும்பு எப்படி உண்டாச்சுன்னு தரையிலயே பாக்கணும்னா இங்கதான் பாக்கணும்."

ராஜவேலு கல்லைக் கீழே வைத்தார். "சுனாமி?"

"அந்த எல்லையிலதான் கிழிஞ்சுது."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டார்: "மண்ணுல போர் போட்டுக்கினே இருந்தா பூமிக்கு வலிச்சு அப்படி ஆவுமாம்மா?"

அகிலா சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு அண்ணா தவறிப்போனது?"

"பையன்."

அவள் அவருக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நீங்க போட்ட போர் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணா நீட்டி வெச்சாலும் அந்த எடத்துக்குப் போவாது. நடுவுல ஒரு கடலே இருக்குது. உங்களால ஆனதில்ல. யாராலயும் ஆனதில்ல."

ஆறுதல் வரும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். வந்தது ஆத்திரம். மறுநாள் அகிலாவின் ஜீப் வந்து நின்றபோது போக மறுத்துவிட்டார். தன்மேல் குற்றம் இருந்தவரைக்கும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கோபப்பட ஓர் ஆள்கூட இல்லை.

காலைக் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் செல்லியம்மாள் வந்தாள். "இன்னாங்க ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னார். உறவுக்காரர் பேசியதையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது என் காதுலயும் வுழுந்துச்சு. நான் அன்னைக்கே காறித் துப்பிட்டேன். நீங்க அதையா இத்தினி வருஷமா தூக்கிக்கினு இருந்தீங்க?"

"நீயும் அப்படித்தான் நெனக்கிறேன்னு நெனச்சேன். அதான் நீ எங்கிட்ட அவனைப் பத்திப் பேசறதில்லன்னு..."

"பேசினா நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அன்று அவர் ஆலைக்குப் போகவில்லை. இருவரும் மகனைப் பற்றிப் பேசினார்கள். அவன் கத்தரிக்காயைத் தட்டோரம் ஒதுக்கி வைப்பது, பாலாற்று மணலில் பந்து விளையாடிவிட்டு ஊர்ப்பட்ட அழுக்கோடு வருவது, கணக்குப் பரீட்சைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது. ஒருவருக்கு நினைவிருந்தது மற்றவருக்கு இல்லை. பேசப்பேச அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுப் பேசினார்கள்.

அடுத்த வாரம் திருமுக்கூடல் அருகே ஒரு கருவி புதைக்க வேண்டியிருந்தது. மறுபடி ஜீப்பில் ஏறிப் போன ராஜவேலு, தானே கடப்பாரையைக் கேட்டு வாங்கினார். முதல் குத்துக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினார். பிறகு குத்தினார். மண் இளகிக் கொடுத்தது. இடுப்பளவு ஆழம் வந்ததும், சோறு கொண்டுவந்திருந்த செல்லியம்மாள் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"மறுபடி அங்க கிழிஞ்சா இது முன்னாடியே சொல்லுமாம்மா?"

"முன்னாடி சொல்லாதும்மா. நடந்தா இதுக்குக் கேக்கும். எதனால நடக்குதுன்னு கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுக்கலாம்" என்றாள் அகிலா.

செல்லியம்மாள் தலையசைத்தாள். கருவியை இறக்கியதும், யாரும் சொல்லாமலே இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, கட்டி இருந்தால் நசுக்கி, சுற்றிலும் மெல்லப் போட ஆரம்பித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ராஜவேலுவும் போட்டார்.