இடுப்பளவா, மார்பளவா

ஆறடி இரண்டங்குல மனிதர் பதினோரு வருஷமாகப் பார்த்த வேலையை, நாலடி பத்தங்குலமுள்ள அவர் மனைவி பார்க்க வந்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது என்றுதான் கடற்கரை அலுவலகத்தில் நினைத்தார்கள். மலையைப் பிளக்கும் வேலையா என்ன? விடிந்ததும் படிக்கட்டுப் பக்கத்துக் கரும்பலகையில் காற்று, நீரோட்டம், அலை மூன்றையும் எழுத வேண்டும். அலைக்கு மட்டும் அடிக்கணக்கு கிடையாது. தண்ணீரில் நட்டிருக்கும் இரும்புக் கம்பத்தடியில் இறங்கி நின்று, வருகிற அலை உடம்பில் எதுவரை அடிக்கிறதென்று பார்த்து, முழங்காலளவு, இடுப்பளவு, மார்பளவு என்று எழுதுவது அங்கே வழக்கம். அதைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் காலை நனைப்பார்கள்.

கணவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். இனிமேல் தண்ணீரில் இறங்கவே கூடாதென்று மருத்துவர் சொல்லியாயிற்று. மூன்று மாதம் புகார் வராமல் ஓட்டினால் வேலை அவளுக்கே நிரந்தரம் என்றது அலுவலகம். வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

இரண்டு வாரம் மார்பளவு, மார்பளவு என்றே எழுதினாள். அங்கே அலைச்சறுக்குப் பழக்கும் சர்ஃபிங் வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவள் கணவர் எழுதியவரை வருஷத்தில் பத்து நாள்கூட மார்பளவு வந்ததில்லையாம். இவள் வந்ததிலிருந்து தினமும் மார்பளவாம். பழக வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு வந்த வழியே திரும்புகிறார்களாம்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைப்பேசியில் வானிலைச் செயலிகளைப் பார்த்தால் ஒன்று இரண்டடி என்றது, இன்னொன்று நாலடி என்றது. கட்டிலில் கிடந்த மனிதரைக் கேட்டால், கடலையே பார்க்காமல், "இந்த மாசத்துல இடுப்பளவுதான் வரும்" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் எழுதினால் கடல், இவள் எழுதினால் கலகமா? கடல்தான் மாறிவிட்டதா, தன் கண்தான் கெட்டுவிட்டதா என்று குழம்பியே பாதியாய் இளைத்தாள். கடைசியில், நமக்கெதற்கு வம்பென்று, நெஞ்சில் அடித்த அலையை இடுப்பளவு என்று எழுதத் தொடங்கினாள். வாத்தியார் முகம் மலர்ந்தது.

அப்படி எழுதத் தொடங்கிய எட்டாம் நாள் வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். இவளைப் போலவே குள்ளம். பலகையை நின்று நிதானமாகப் படித்துவிட்டுத்தான் இறங்கினாள். முதல் அலையே உருட்டிப் போட்டது. கடற்கரைக் காவலர் ஓடிப்போய் இழுத்து வந்தார். இருமி முடித்ததும் அவள் கோபப்படவில்லை, சண்டைக்கும் வரவில்லை.

"இடுப்பளவுன்னு போட்டிருந்துச்சே. யாரோட இடுப்புங்க?"

பலகைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அழித்துவிட்டு மார்பளவு என்று எழுதினாள். பக்கத்திலேயே, எழுதியவர் உயரம் நாலடி பத்தங்குலம் என்றும் எழுதினாள். வாத்தியார் அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் புகார் சொன்னார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் கணவரிடம் கொட்டினாள். தன் பலகையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லப் பொறுக்காத மனிதர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் அலுவலக அதிகாரியின் அழைப்பு வந்தது. பழைய ஆள் சொல்வதுதான் முடிவு என்றார். அவள் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு கணவர் முன்னால் நீட்டினாள்.

"இத்தனை வருஷம் எழுதின ஆள் நீங்க. அலை இடுப்பளவா, மார்பளவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவர் மனைவியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"எனக்கு இடுப்பளவு சார்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறங்குறவங்கள்ல பாதிப் பேருக்கு மார்பளவு," என்றார் அவர். "பதினோரு வருஷமா தப்பா எழுதியிருக்கேன். தண்ணி குடிச்சுட்டு வந்தவங்கள, படிக்கத் தெரியாதான்னு நான்தான் திட்டியிருக்கேன். அவ எழுதினத அழிக்காதீங்க."

அதிகாரிக்கும் குழப்பம் தொற்றிக்கொண்டது போலிருந்தது.

"சரிம்மா," என்றார் கடைசியில். "நாளைக்கு என்ன எழுதப்போறீங்க?"

"தெரியல சார். இறங்கி நின்னு பாத்துட்டுதான் சொல்ல முடியும்."